கேள்வி ஒன்று, பலகை முப்பது

வாசகர் கேள்வி–பதில்

மாணவரைப் பாடத்தில் ஈடுபடுத்தும் புதிய முறையைப் பள்ளி முழுவதும் கொண்டுவருவது எப்படி? இதையொட்டிக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளுக்கே இம்முறை இடம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் பள்ளியில் 24 ஆசிரியர்கள், 12 வகுப்புகள். அடுத்த மாதம் முதல் எல்லா வகுப்பிலும் மாணவர் மையக் கற்பித்தல் நடக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் முடிவு செய்துவிட்டார். சிந்தி–இணை–பகிர், ஜிக்சா, கேலரி வாக், ஹாட் சீட் எனப் பத்து முறைகள் கொண்ட பட்டியலையும் ஆசிரியர்களுக்குக் கொடுத்தாயிற்று. நடத்திவைக்கும் பொறுப்பு என் தலையில். எங்கே தொடங்குவது?
– துணைத்தலைமையாசிரியை, செந்தூல்

பட்டியலில் ஒன்பதை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள், ஆசிரியை. அவை கெட்ட முறைகள் அல்ல. ஆனால் பத்தும் ஒரே சமயத்தில் வந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை ஒருமுறை செய்து பார்ப்பார்கள். எந்த முறையும் முதல் தடவை சரியாக வராது, ஏனென்றால் ஆசிரியருக்கும் புதிது, பிள்ளைகளுக்கும் புதிது. அது கைக்கு வருவதற்குள் அடுத்த வாரம் வேறொன்று, வேறு விதிகள். தவணை முடியும்போது எதுவும் பழக்கமாகியிருக்காது. 'இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சரிப்படாது' என்ற பேச்சுதான் ஆசிரியர் அறையில் மிஞ்சும்.

தொடங்குவதற்கு நாங்கள் சொல்வது சிந்தி–இணை–பகிர், அதனுடன் ஆளுக்கொரு சிறு வெண்பலகை. மேரிலண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறை இது. மேசை நாற்காலியை நகர்த்த வேண்டாம், ஆண்டு 1க்கும் ஆண்டு 6க்கும் பொருந்தும், எந்தப் பாடத்திலும் நுழையும். ஆறு நிமிடத்தில் முடியும்.

அந்த ஆறு நிமிடம் இப்படி: கேள்வியை வாயால் மட்டும் கேட்காமல் பலகையில் எழுதுங்கள். பிறகு 60 வினாடி முழு அமைதி. ஒவ்வொருவரும் தன் பதிலைத் தன் பலகையில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அடுத்து 90 வினாடி பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு: முதலில் இடப்பக்கம் இருப்பவர், பாதி நேரத்தில் வலப்பக்கம் இருப்பவர். வேண்டுமானால் பதிலைத் திருத்தலாம். 'ஒன்று, இரண்டு, காட்டு' என்றதும் எல்லாப் பலகையும் ஒரே நேரத்தில் உயர வேண்டும். 10 வினாடி கண்ணோட்டம். பின்னர் மூன்று பேரை ஆசிரியரே பெயர் சொல்லி அழைத்துக் காரணம் கேட்க வேண்டும். கடைசி ஒரு நிமிடம் ஆசிரியருடையது: சரியான பதில் எது, தவறான பதில் எங்கிருந்து வந்தது. 30 நிமிடப் பாடவேளையில் ஒரு சுற்று போதும். இரட்டைப் பாடவேளையில் இரண்டு.

பெரும்பாலும் விட்டுப்போவது அந்த 60 வினாடி அமைதிதான். நேரமில்லை என்று அதைத் தாண்டி நேரே 'பேசுங்கள்' என்றால், வேகமான பிள்ளை பதிலைச் சொல்லிவிடும், மற்றப் பிள்ளை தலையாட்டும். கைதூக்கும் ஐந்து பேரோடு வகுப்பு நடத்திய பழைய நிலைமை மேசைக்கு மேசை சிறிதாகத் திரும்பி வரும். முப்பது பேரும் தனித்தனியே யோசிப்பதற்காகத்தான் இந்த முறை. அமைதி போனால் முறையே போயிற்று.

இனி பள்ளி அளவில். முதலில் மூன்று ஆசிரியர்களைத் தேர்ந்தெடுங்கள்: படிநிலை ஒன்றில் (ஆண்டு 1–3) ஒருவர், படிநிலை இரண்டில் (ஆண்டு 4–6) தமிழ்மொழிக்கு ஒருவர், கணிதத்துக்கு ஒருவர். மூவரும் இளையவர்களாக இருந்துவிடக் கூடாது. எல்லாரும் மதிக்கும் மூத்த ஆசிரியர் ஒருவராவது அதில் இருந்தால்தான் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் மூன்று வாரம் அவர்கள் மட்டும், ஒரே வகுப்பில், ஒரே பாடத்தில், வாரத்துக்கு இருமுறை செய்யட்டும். எங்கே தடங்கியது என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு வரி எழுதி வைக்கட்டும்.

நான்காம் வாரத்தில் மற்ற 21 பேரும் ஆளுக்கு 15 நிமிடம் அந்த வகுப்புகளில் போய் உட்கார வேண்டும். ஆசிரியர் நம்புவது தன் பள்ளியில், தனக்குத் தெரிந்த பிள்ளைகளிடம் நடப்பதைத்தான்; வேறு ஊர்க் காணொளியை அல்ல. அந்த 15 நிமிடம் அவர்களுடைய வகுப்பை யார் பார்ப்பது? நீங்களும் தலைமையாசிரியரும் போய் நில்லுங்கள். நிர்வாகம் இதைப் பொருட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை எந்தச் சுற்றறிக்கையைவிடவும் அது தெளிவாகச் சொல்லும்.

ஐந்தாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை எல்லா ஆசிரியரும், ஆனால் ஆளுக்கு ஒரு வகுப்பு, ஒரு பாடம், வாரத்துக்கு இருமுறை. ஒன்பதாம் வாரத்திலிருந்து விரும்பிய வகுப்புகளுக்கு விரிக்கலாம். அடுத்த முறையை அறிமுகப்படுத்துவது அதற்குப் பிறகுதான். நாள்காட்டியையும் பாருங்கள்: விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் வாரங்களிலும் தைப்பூசத்தையொட்டிய நாள்களிலும் வருகை குறையும், இணைகள் உடையும். அப்போது தொடங்காதீர்கள்.

பயிற்சியை ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேர லடாப்பாக (பணியிடைப் பயிற்சியாக) முடித்துவிட வேண்டாம். பாடக்குழுக் கூட்டத்தில் வாரம் 20 நிமிடம் ஒதுக்கி, அடுத்த வாரத்துக்கான இரண்டு கேள்விகளைச் சேர்ந்து தயாரிப்பது பல மடங்கு பயன் தரும். அதற்கான நேரத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். இந்தத் தவணைக்கு எந்த அறிக்கையை, எந்தக் கோப்பை, எந்தக் கூட்டத்தை நிறுத்தப்போகிறீர்கள் என்பதைத் தலைமையாசிரியரிடம் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எதையும் எடுக்காமல் மேலே மேலே வைத்தால் ஆசிரியர்கள் புதியதைத்தான் கீழே போடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

'இணைந்து பேசுங்கள்' என்றதும் வகுப்பு பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போல ஆகிவிடுகிறது. 36 பேர். அடக்கவே ஐந்து நிமிடம் போகிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியை வேறு எட்டிப் பார்க்கிறார்.
– ஆண்டு 4 ஆசிரியர், ஆயர் ஈத்தாம்

சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் பிள்ளைகளின் குறும்பு அல்ல, கேள்வி. 'நட்பைப் பற்றிக் கலந்துரையாடுங்கள்' என்றால் பத்து வினாடியில் பேச்சு தீர்ந்துவிடும். மிச்ச நேரத்துக்கு நேற்றைய பந்து விளையாட்டுதான். இரண்டு பேரும் வேறு வேறு பதில் எழுத வாய்ப்புள்ள கேள்வியாக இருக்க வேண்டும். அப்போதுதான் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கும்.

தமிழ்மொழிப் பாடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: 'அந்த + கடை', 'பல + கடைகள்'. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். எதில் வலிமிகும், ஏன்? 'அந்தக் கடை' என்று சரியாக எழுதும் பிள்ளை அதே வேகத்தில் 'பலக் கடைகள்' என்றும் எழுதும். பக்கத்துப் பிள்ளை 'பல கடைகள்' என்று எழுதியிருக்கும். அங்கே பேச்சு தானாகப் பிறக்கும். கணிதத்தில் 1/2 + 1/3 கேளுங்கள். மேலெண்ணையும் கீழெண்ணையும் தனித்தனியே கூட்டி 2/5 எழுதுபவர்கள் கட்டாயம் இருப்பார்கள். கூட்டி வந்த 2/5, தொடங்கிய அரையைவிடவே சிறியது என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் உங்கள் பாடம் பாதி முடிந்தது. அறிவியலில்: ஐஸ் மைலோ குவளையின் வெளிப்பக்கத்தில் உள்ள நீர் எங்கிருந்து வந்தது? உள்ளிருந்து கசிந்தது என்று சொல்லும் பிள்ளையிடம், 'அப்படியானால் அது ஏன் மைலோ நிறத்தில் இல்லை?' என்று கேட்க இன்னொரு பிள்ளை போதும்.

இனி நேரம். இரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். 'ஐந்து நிமிடம் பேசுங்கள்' என்பதுதான் வகுப்பைக் கலைக்கும். பேச்சு உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்துங்கள். முடிந்துபோன பிறகு நிறுத்தினால் அதற்குள் வேறு பேச்சு தொடங்கியிருக்கும். பலகையில் ஒளிரும் கடிகாரத்தைப் பிள்ளைகளும் பார்த்தால் உங்கள் தொண்டைக்கு வேலை குறையும்.

நிறுத்தும் சைகை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், பள்ளி முழுவதும் ஒரே மாதிரி. கையை உயர்த்துங்கள், பார்க்கும் பிள்ளை தன் கையை உயர்த்தி வாயை மூடும், அதைப் பார்த்து அடுத்தது. பாடமே இல்லாமல், முதல் நாளில் இதை மட்டும் ஐந்தாறு முறை செய்து பழக்குங்கள். 'காலையில் என்ன சாப்பிட்டாய்?' என்று பேசவிட்டுக் கை தூக்கிப் பாருங்கள். 36 பேரும் 5 வினாடிக்குள் அடங்கும்வரை பாடக் கேள்விக்குப் போக வேண்டாம். அந்த ஒரு பாடவேளை வீணல்ல, மொத்த ஆண்டுக்கும் அது முதலீடு.

பேசும் அளவு 'பக்கத்து மேசைக்குக் கேட்கக் கூடாது' என்பதே. ஒற்றை எண்ணிக்கையில் மூவர் கூட்டணி ஒன்றுக்கு மேல் வேண்டாம். மேசைகளை வட்டமாகப் போட்டால்தான் 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் என்ற எண்ணம் பல பள்ளிகளில் உண்டு. குறுகிய அறையில் 36 பேரை அப்படி உட்காரவைத்தால் பாதிப் பேருக்கு முதுகுதான் பலகையைப் பார்க்கும். இந்த முறைக்கு இருவர் இருவராக வரிசையில் உட்காருவதே நல்லது.

பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னும் நல்லது, உள்ளே அழைத்து உட்காரவையுங்கள்.

சிறு வெண்பலகை வாங்கப் பணம் போதாது. நாங்களே செய்துகொள்ளலாமா? எத்தனை வேண்டும்?
– ஆசிரியை, நிபோங் திபால்

தாராளமாக. ஏ4 அளவு வெள்ளை மணிலா அட்டையை 125 மைக்ரோன் தடிப்புள்ள உறையில் வைத்து லேமினேட் செய்யுங்கள். 80 மைக்ரோன் உறை மெல்லியது; சிறு கைகளில் வளைந்து ஓரம் பிரிந்துவிடும். ஒரு பக்கம் வெற்றாக இருக்கட்டும். மறுபக்கத்துக்கு, லேமினேட் செய்வதற்கு முன்பே கட்டம் அச்சிட்டுவிடுங்கள்: ஆண்டு 1, 2க்கு எழுத்து எழுதும் கோடுகள், ஆண்டு 3 முதல் கணிதத்துக்கு ஒரு செண்டிமீட்டர் கட்டம். வெட்டும்போது சுற்றிலும் 5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஓரம் விடுங்கள். அட்டையின் விளிம்போடு ஒட்ட வெட்டினால் ஈரம் உள்ளே புகுந்து இரண்டே மாதத்தில் உப்பிவிடும். நான்கு முனைகளையும் வளைவாக நறுக்கினால் கண்ணில், கையில் குத்தாது.

30 பேர் வகுப்புக்கு 34 பலகை, 40 மெல்லிய முனை மார்க்கர். அழிப்பதற்குப் பழைய காலுறையை வெட்டிய துண்டு போதும். விலை கொடுத்து அழிப்பான் வாங்க வேண்டியதில்லை. நான்கு பேருக்கு ஒரு பிளாஸ்டிக் பை: அதில் 4 பலகை, 4 மார்க்கர், 4 துணி. ஒவ்வொரு பைக்கும் ஒரு பொறுப்பாளர். இப்படி வைத்தால் விநியோகம் அரை நிமிடத்தில் முடியும். ஆசிரியரே ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டு போனால் மூன்று நிமிடம் போகும். அந்தச் சலிப்பிலேயே பலகைகள் அலமாரிக்குள் போய்விடும்.

மார்க்கரைச் செங்குத்தாக மூடி மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்தால் மை கீழே இறங்கி முனை வறண்டுபோகும். படுக்கவைத்தே வையுங்கள். மூடுவதை ஒரு கட்டளையாகப் பழக்குங்கள்: 'டிக்' என்ற சத்தம் எல்லா மேசையிலும் கேட்ட பிறகே 'காட்டு'. எழுதியதை அன்றைக்கே அழிக்க வேண்டும். வார விடுமுறை முழுவதும் விட்டுவிட்டால் நிழல் போலக் கறை தங்கும். யாராவது தவறி அழியாத மையால் எழுதிவிட்டால் அதன்மேலேயே வெண்பலகை மார்க்கரால் அழுத்தி எழுதி உடனே துடையுங்கள், வந்துவிடும். மிச்சம் இருந்தால் கைச் சுத்திகரிப்பு நீர்மத்தைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம்.

பலகை கைக்கு வந்த முதல் வாரம் பிள்ளைகள் படம் வரைவார்கள். வரையட்டும். பாடம் தொடங்கும் முன் ஒரு நிமிடம் அதற்கென்றே கொடுத்துவிட்டால் ஆசை அடங்கிவிடும்.

மார்க்கர் தீர்ந்துகொண்டே இருக்கும் பொருள். முதல் செலவுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்கலாம். தொடர் செலவைப் பாடக்குழுவின் பிசிஜி (மாணவர் தலைக்கு அரசு தரும்) மானியத் திட்டத்திலேயே எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் ஆண்டு நடுவில் ஆசிரியர் தன் பையிலிருந்து வாங்க வேண்டிவரும்.

26 ஆண்டு அனுபவம் எனக்கு. பலகையில் எழுதி, விளக்கி, பயிற்சி கொடுத்துத்தான் எத்தனையோ பிள்ளைகளை ஏற்றிவிட்டோம். இப்போது விளக்கிச் சொல்வதே குற்றம் என்பது போலப் பேசுகிறார்கள். உண்மையில் இதற்கு என்ன ஆதாரம்?
– மூத்த ஆசிரியர், பட்டர்வொர்த்

விளக்குவது குற்றமல்ல, ஐயா. அப்படிச் சொல்பவர்கள் தவறாகச் சொல்கிறார்கள். ஒரு விஷயம் பிள்ளைக்கு முற்றிலும் புதிது என்றால் அதை நன்றாகத் தெரிந்தவர் தெளிவாகச் சொல்லிக்கொடுப்பதே நேர்வழி. வகுத்தல் நீள்முறையை ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருவர் கூடிப் பேசிக் கண்டுபிடிக்க மாட்டார்கள். அறியாமையை அறியாமையோடு இணைசேர்த்தால் அறிவு வராது. உங்கள் விளக்கம் அப்படியே இருக்கட்டும். எட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை நிறுத்தி, எல்லாரும் பதில் எழுதும் ஒரு கேள்வியை நுழைப்பதுதான் புதிது.

ஏன் என்றால், விளக்கிவிட்டு 'புரிந்ததா?' என்று கேட்டால் 'புரிந்தது சார்' என்றுதான் வகுப்பே சொல்லும். புரியாத பிள்ளையும் சேர்ந்து சொல்லும். மூன்று நாள் கழித்துப் பயிற்சிப் புத்தகத்தைத் திருத்தும்போதுதான் உண்மை தெரியவரும். 30 பலகை உயர்ந்தால் அதே நிமிடத்தில் தெரியும்.

ஆதாரம் கேட்டீர்கள். அமெரிக்க அறிவியல் வகுப்புகளை 1970களில் ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார் என்று கண்டார். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, முன்பு வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். இரண்டாவது காத்திருப்பு ஒன்றும் உண்டு: பிள்ளை பதில் சொன்ன பிறகு ஆசிரியர் உடனே 'சரி' என்றோ 'தப்பு' என்றோ சொல்லாமல் நிற்பது. அந்த இடைவெளியில்தான் பிள்ளை காரணத்தைச் சேர்த்துச் சொல்கிறது.

அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, விரிவுரை மட்டும் கேட்டவர்கள் தோற்கும் வாய்ப்பு, ஈடுபட்டுக் கற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு என்றது. அவை பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றியவை. அந்த எண்ணைத் தொடக்கப்பள்ளிக்கு அப்படியே தூக்கிவர முடியாது. 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் கண்டது இன்னும் கவனிக்கத்தக்கது: ஈடுபட்டுக் கற்ற மாணவர்கள் சோதனையில் அதிகம் பெற்றார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சரளமான விளக்கத்தைக் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். தானே முட்டி மோதும்போது சிரமமாக இருக்கும். நம் பிள்ளைகளும் 'நீங்களே சொல்லிடுங்க சார்' என்பார்கள். அதற்கு உடனே இணங்கிவிடாதீர்கள்.

உங்கள் 26 ஆண்டு அனுபவம் இங்கே மிகவும் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. எந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் எப்படித் தவறுவார்கள் என்பது புது ஆசிரியருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நல்ல கேள்வி அந்த அறிவிலிருந்துதான் உருவாகிறது. பாடக்குழுக் கூட்டத்தில் அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் பள்ளிக்கே பலம்.

பலகை உயர்ந்த பிறகு என்ன செய்வது? பாதிப் பேர் சரி, பாதிப் பேர் தவறு என்றால் மறுபடியும் முழுப் பாடத்தையும் நடத்துவதா?
– கணித ஆசிரியை, செராஸ்

ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மஸூர் இயற்பியல் வகுப்புக்குப் பயன்படுத்திய அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். 32 பேர் வகுப்புக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும். சரியான பதில் 10க்கும் குறைவு என்றால் பேசவிட வேண்டாம், தவறுதான் பரவும். வேறு எடுத்துக்காட்டோடு மறுபடி விளக்குங்கள். 10 முதல் 22 வரை என்றால் அதுவே பேசவிடச் சரியான தருணம். விடையைச் சொல்லாமல் இணைப்பேச்சுக்கு விட்டு, திரும்பப் பலகையைக் காட்டச் சொல்லுங்கள். 22க்கு மேல் என்றால் இரண்டு வரி விளக்கம், அடுத்த பகுதி. தவறிய சிலரைப் பயிற்சி நேரத்தில் உங்கள் மேசைக்கு அழைத்துப் பாருங்கள்.

எங்கள் பகுதியில் வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் நிறைய. தமிழில் பேசச் சொன்னால் வாயே திறப்பதில்லை. கூச்சப்படும் பிள்ளைகளும் உண்டு. யாரை யாரோடு உட்காரவைப்பது?
– ஆண்டு 3 ஆசிரியை, பங்சார்

வாசிப்புத் திறன்படி 1 முதல் 32 வரை ஒரு பட்டியல் போடுங்கள், உங்கள் கோப்பில் மட்டும். அதை நடுவில் வெட்டி, 1ஐ 17உடனும் 2ஐ 18உடனும் சேர்த்துக்கொண்டே போங்கள். முதலாம் பிள்ளையையும் 32ஆம் பிள்ளையையும் சேர்த்தால் இடைவெளி அதிகம். ஒருவர் ஆசிரியர், மற்றவர் பார்வையாளர் என்றாகிவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இணையை மாற்றுங்கள்.

பேச வாய் வராத பிள்ளைக்குச் சொற்றொடரின் தொடக்கத்தைக் கொடுங்கள். 'நான் … என்று நினைக்கிறேன், ஏனென்றால் …', 'நீ சொன்னதில் … எனக்குப் புரியவில்லை', 'என் பதிலை மாற்றுகிறேன், ஏனென்றால் …'. மூன்றே போதும். பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். முதல் மாதம் இணைப்பேச்சில் ஆங்கிலச் சொல் கலந்தால் இடையில் புகுந்து திருத்தாதீர்கள். வகுப்புக்கு முன் சொல்லும்போது தமிழில் சொல்லவையுங்கள். 'உன் நண்பன் என்ன சொன்னான்?' என்று கேட்டால் கூச்சப்படும் பிள்ளைக்கும் எளிது, தன் பதில் தவறாகிவிடுமோ என்ற பயம் அதில் இல்லை. பதில் வராவிட்டால் 'பிறகு வருகிறேன்' என்று சொல்லிவிட்டு, இன்னொருவர் சொன்னதும் கட்டாயம் திரும்பப் போங்கள். திரும்பப் போகாவிட்டால் 'தெரியாது' என்பது தப்பிக்கும் வழி என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

மகள் ஆண்டு 5. 'பள்ளியில் என்ன செய்தீர்கள்?' என்றால் 'பேசினோம்' என்கிறாள். பயிற்சிப் புத்தகம் பாதி காலி. ஆண்டு 6 பொதுத்தேர்வான யுபிஎஸ்ஆர் இல்லாவிட்டாலும் இடைநிலைப்பள்ளியில் எழுதித்தானே ஆகவேண்டும்?
– பெற்றோர், பிரிக்பீல்ட்ஸ்

உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. பேச்சு எழுத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெண்பலகையில் எழுதியது அழிந்துபோகும், வீட்டுக்கு வராது. ஆகவே ஒவ்வொரு பாடத்தின் கடைசி ஐந்து நிமிடமும் தனியாக, புத்தகத்தில், தேதியோடு எழுதுவதற்கென்று இருக்க வேண்டும். அது இல்லாத வகுப்பில் முறை அரைகுறையாக நடக்கிறது என்று பொருள். இதை ஆசிரியரிடம் நேரில் பண்போடு கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பதில் வராது, மனத்தாங்கல்தான் வரும்.

2021இல் யுபிஎஸ்ஆர் நீக்கப்பட்ட பின் வகுப்புசார் மதிப்பீட்டின் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலைகளே பிள்ளையின் நிலையைக் காட்டி வந்திருக்கின்றன. மேல்நிலைகளுக்குப் போகக் காரணம் சொல்லவும், புதிய சூழலில் பயன்படுத்தவும் தெரிய வேண்டும். இணைப்பேச்சு அதற்கு நல்ல பயிற்சி. வீட்டில் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: 'இன்றைக்கு டீச்சர் பலகையில் எழுதின கேள்வி என்ன? நீ என்ன எழுதினாய்? பக்கத்தில் இருந்த பிள்ளை என்ன எழுதினது?' மூன்றுக்கும் பதில் வந்தால் வகுப்பு நன்றாக நடக்கிறது.

பள்ளிகளுக்கும் ஒரு சொல்: பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் படவில்லையைக் காட்டி விளக்காதீர்கள். பெற்றோர் கையில் பலகையைக் கொடுத்து, ஐஸ் மைலோ கேள்வியைக் கேட்டு, ஒரு சுற்று நடத்திக் காட்டுங்கள்.

முறை நடக்கிறதா என்று எப்படிக் கண்காணிப்பது? படிவத்தோடு நான் உள்ளே போனாலே ஆசிரியர்கள் பதறுகிறார்கள். அன்றைக்கு மட்டும் எல்லாம் அழகாக நடக்கிறது.
– தலைமையாசிரியர், ஜெலுத்தோங்

அதிகாரபூர்வக் கண்காணிப்பு ஆண்டில் உரிய நேரத்தில் நடக்கட்டும். இதை அதனோடு கலக்காதீர்கள். முதல் தவணையில் இந்த முறைக்குப் புள்ளி இல்லை என்று கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். புள்ளி போட்டால் ஆசிரியர் பிள்ளைகளுக்கு விடையை முன்பே சொல்லிவைத்து, தவறே இல்லாத வகுப்பைக் காட்டுவார். இந்த முறையில் தவறு வெளியே தெரிவதுதான் பயன்.

வாரம் இரண்டு வகுப்பு, தலா ஏழெட்டு நிமிடம் போய் உட்காருங்கள். கையில் உட்காரும் வரிசைப் படம் மட்டும் இருக்கட்டும். யார் யார் வகுப்புக்கு முன் பதில் சொன்னார்கள் என்று குறியிடுங்கள். எங்கே வெறுமையாக இருக்கிறது? பெரும்பாலும் பின்வரிசையின் இரு மூலைகள். கேள்விக்குப் பின் ஆசிரியர் எத்தனை வினாடி காத்திருந்தார் என்று மனதுக்குள் எண்ணுங்கள். இந்த இரண்டே தகவலை ஒரு துண்டுத்தாளில் எழுதி, அன்றே, நல்ல வார்த்தையோடு ஆசிரியர் கையில் கொடுங்கள். கோப்பில் வைக்க வேண்டாம். புகைப்படம் எடுத்துக் குழுவில் போடுவதையும் சில மாதம் நிறுத்திவையுங்கள். படத்துக்காகப் பலகையைத் தூக்கும் பழக்கம் வந்துவிட்டால் திருத்துவது கடினம்.

ஆறாம் ஏழாம் வாரத்தில் வேகம் குறையும். புதுமை தேய்ந்திருக்கும், மார்க்கர் காய்ந்திருக்கும், கேள்விகள் தீர்ந்திருக்கும். அப்போது மறுபடி ஒரு பயிற்சி வைக்காதீர்கள். மார்க்கர் வாங்கிக் கொடுங்கள், கேள்விகளைச் சேர்ந்து எழுத ஒரு மணி நேரம் கொடுங்கள். மாவட்டக் கல்வி இலாகாவின் எஸ்.ஐ.எஸ்.சி. (பள்ளி மேம்பாட்டுச் சிறப்புப்) பயிற்றுநர் வருகிறார் என்றால் அவரையும் அந்த மேசையில் உட்காரவையுங்கள்.

எங்கள் ஆண்டு 4இல் மொத்தமே 7 பேர். இதெல்லாம் பெரிய பள்ளிகளுக்குத்தானே?
– ஆசிரியர், புக்கிட் மெர்தாஜாம்

ஏழு பேரிலும் இரண்டு பேர்தான் பதில் சொல்வார்கள், கவனித்துப் பாருங்கள். பலகை உங்களுக்கும் வேண்டும். இரண்டு இணை, ஒரு மூவர்; 'காட்டு' என்றதும் ஏழு பேரிடமும் காரணம் கேட்க உங்களுக்கு நேரம் இருக்கிறது, 36 பேர் ஆசிரியருக்கு அது இல்லை. ஒரே முகங்கள் என்பதால் இணை சீக்கிரம் சலிக்கும். வாரம் ஒருமுறை ஆண்டு 5 பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவையுங்கள்.

பலகைக்குப் பதிலாகக் கஹூட் போன்ற இணையப் புதிர்களைப் பயன்படுத்தலாமா? பிள்ளைகளிடம் கைப்பேசி இல்லை.
– தகவல் தொழில்நுட்ப ஆசிரியர், பாயான் லெப்பாஸ்

கஹூட் விரைவுக்குப் புள்ளி கொடுக்கிறது; யோசிக்கும் பிள்ளை பின்தங்கும், ஊகித்து அழுத்தும் பிள்ளை மேலே போகும். மீள்பார்வைக்குப் பரவாயில்லை, புதுப்பாடத்துக்கு வேண்டாம்.

கைப்பேசி இல்லாத வகுப்புக்குப் பிளிக்கர்ஸ் பொருந்தும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறியீட்டு அட்டை. எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுவே ஏ, பி, சி, டி விடை. ஆசிரியரின் கைப்பேசிக் கேமரா வகுப்பைச் சுற்றி ஒருமுறை போனால் எல்லா விடையும் பதிவாகும், யார் என்ன சொன்னார் என்பது பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. அட்டையைப் பளபளக்கும் உறையில் லேமினேட் செய்யாதீர்கள். விளக்கொளி பட்டுக் கேமரா குறியீட்டைப் படிக்காது. மங்கல் உறை வாங்குங்கள், இல்லாவிட்டால் தடித்த அட்டையில் அச்சிட்டு அப்படியே பயன்படுத்துங்கள். பிள்ளைகள் அட்டையின் ஓரத்தைப் பிடிக்க வேண்டும், விரல் கறுப்புக் கட்டத்தின் மேல் படக் கூடாது. அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் புதிதாக வந்து சேரும் பிள்ளைக்குக் கடைசி எண்ணைக் கொடுத்துவிடலாம், பட்டியலைக் கலைக்க வேண்டியதில்லை.